சின்ன அணி, கையில் கொஞ்சமே மணி நேரம்: காலேஜ் ஃபுட்பால் 25இல் ஆள் சேர்ப்பது எப்படி?

காலேஜ் ஃபுட்பால் 25 என்பது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை வைத்து வந்த வீடியோ கேம். அதில் டைனஸ்டி என்றால், ஒரு கல்லூரி அணியின் பயிற்சியாளராக இருந்து பல சீசன் அணியை நடத்தும் முறை. அலபாமா, ஜார்ஜியா, ஒஹையோ ஸ்டேட் என்று பெரிய அணியாக எடுத்து டைனஸ்டி ஆடுபவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அங்கே நல்ல வீரர்கள் தாங்களாகவே வந்து நிற்பார்கள். கென்னசா ஸ்டேட், கென்ட் ஸ்டேட், லூசியானா மன்ரோ போன்ற ஒரு அணியை எடுத்துவிட்டு, முதல் சீசனிலேயே "நான் கேட்ட ஒருத்தனும் வரலையே" என்று முழிக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சின்ன அணியோடு முட்டி மோதித்தான் எனக்கும் இது பிடிபட்டது. விளையாட்டுக்குள் வரும் விளக்கத் திரைகள் பொத்தான்களைச் சொல்லிக்கொடுக்கும், மணி நேரத்தை எங்கே போடுவது என்று சொல்லாது.

ஈஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25 வெளியானது 2024 ஜூலையில். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் மூன்றிலும் ஓடும். கணினிக்கு இல்லை, அதை வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியானபோது சாதாரணப் பதிப்பு 69.99 டாலர். 2025இல் அடுத்த பதிப்பு வந்துவிட்டது. நான் இங்கே சொல்லும் மணி நேரக் கணக்கு 25ஐ வைத்து. அப்டேட்களிலும் அடுத்த பதிப்பிலும் எண்கள் மாறும் என்பதால், உங்கள் திரையில் ஒன்று தெரிந்து நான் வேறொன்று சொன்னால் திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அணுகுமுறை மாறாது.

இங்கே பட்ஜெட் என்றால் பணம் இல்லை, மணி நேரம். ஒவ்வொரு வாரமும் உங்கள் அணிக்கு இத்தனை மணி நேரம் என்று கொடுப்பார்கள். அணியின் பெயர் பெரிதாக இருந்தால் மணி நேரமும் அதிகம். மிச்சம் வைத்தால் அடுத்த வாரத்துக்குச் சேராது, போனது போனதுதான். பெரிய அணியோடு செலவில் போட்டி போட்டால் நிச்சயம் தோற்போம். அதனால் சின்ன அணிக்காரருக்கு ஆளைப் பொறுக்குவதுதான் முதல் வேலை. செலவெல்லாம் அதற்கு அப்புறம்.

1. அணியை எடுக்கும்போதே வரைபடத்தைப் பாருங்கள்

எல்லாச் சின்ன அணியும் ஒரே மாதிரி இல்லை. சுற்றுவட்டாரத்தில் எத்தனை நல்ல வீரர்கள் உயர்நிலைப் பள்ளியிலிருந்து வருகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். நிஜத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்கள் கொட்டிக் கிடக்கும் இடங்கள் டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, கலிஃபோர்னியா. விளையாட்டிலும் அதேதான்.

நான் புதியவர்களுக்குச் சொல்வது கென்னசா ஸ்டேட். 2024இல்தான் எஃப்பிஎஸ் என்ற மேல்மட்டப் பிரிவுக்கு வந்த அணி, கான்ஃபரன்ஸ் யூஎஸ்ஏவில் ஆடுகிறது (கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடும் அணிகளின் குழு). பெயர் இல்லை, பாரம்பரியம் இல்லை, மணி நேரமும் குறைவு. ஆனால் ஊர் அட்லாண்டாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அட்லாண்டா சுற்றுவட்டாரத்தில் மூன்று நட்சத்திர வீரர்களுக்கு (ஐந்து நட்சத்திரம்தான் உச்சம்) பஞ்சமே இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஆட வேண்டும் என்று நினைக்கும் பையன்களில் நமக்கு ஒரு பங்கு கிடைத்துவிடும். மாறாக, யூடிஇபி என்ற இன்னொரு சின்ன அணி இருப்பது எல் பாசோவில். அதுவும் டெக்சாஸ்தான், ஆனால் மாநிலத்தின் மேற்குக் கடைக்கோடி. ஹூஸ்டனும் டாலஸும் அங்கிருந்து வெகு தொலைவு. முதல் தடவை ஆடுபவருக்கு அது கடினம்.

2. பயிற்சியாளரை உருவாக்கும் திரையில் அவசரப்படாதீர்கள்

பயிற்சியாளருக்கு மோட்டிவேட்டர், ரெக்ரூட்டர், டாக்டிஷியன் என்று மூன்று வகை இருக்கும். சின்ன அணிக்கு ரெக்ரூட்டர். யோசிக்கவே வேண்டாம்.

அதே திரையில் உங்கள் பயிற்சியாளருக்கு ஒரு பைப்லைன் கேட்பார்கள். எந்த வட்டாரத்தில் அவருக்குச் செல்வாக்கு என்பதுதான் அது. பலர் தங்களுக்குப் பிடித்த ஊரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வட்டாரத்து வீரரிடம் நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பலன் கூடும் என்பதால், உங்கள் அணி எந்த வட்டாரத்தில் அதிகம் ஆள் எடுக்கப் போகிறதோ அதையே போடுங்கள். கென்னசா ஸ்டேட் என்றால் அட்லாண்டா. பட்ஜெட்டைக் கூட்ட வழியில்லாதபோது, இருக்கும் பட்ஜெட்டின் மதிப்பைக் கூட்டும் வழி இது.

அப்புறம், டைனஸ்டி அமைப்புகளில் ஆள் சேர்ப்பை விளையாட்டே தானாகச் செய்யும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். உங்கள் மணி நேரத்தை வேறு யாரும் தொடக்கூடாது.

3. மை ஸ்கூல் மதிப்பெண்களைத் தாளில் எழுதி வையுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் திண்டாடுவார்கள். மை ஸ்கூல் திரையில் உங்கள் கல்லூரிக்கு 14 விஷயங்களில் மதிப்பெண் போட்டிருப்பார்கள், ஏ பிளஸ் முதல் எஃப் வரை. ஆடும் வாய்ப்பு, ஆடும் பாணி, கோப்பை வெல்லும் வாய்ப்பு, அணியின் பாரம்பரியம், வளாக வாழ்க்கை, மைதானச் சூழல், தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும் வாய்ப்பு, விளம்பர வெளிச்சம், படிப்பின் தரம், கான்ஃபரன்ஸின் மதிப்பு, பயிற்சியாளரின் நிலைத்தன்மை, பயிற்சியாளரின் பெயர், பயிற்சி வசதிகள், வீட்டுக்கும் கல்லூரிக்கும் உள்ள தூரம்.

ஒரு நோட்டு எடுத்து இந்தப் பதினான்கையும் உங்கள் மதிப்பெண்ணோடு எழுதுங்கள். சீசன் முழுக்க அந்தப் பக்கம் பக்கத்திலேயே இருக்கட்டும். பாரம்பரியம், மைதானம், விளம்பர வெளிச்சம் இவற்றில் சின்ன அணிக்கு டியும் எஃப்பும் தான் இருக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நமக்கு வேண்டியது நான்கே நான்கு.

ஆடும் வாய்ப்பு. இது வீரருக்கு வீரர் மாறும், ஏனென்றால் அவருடைய இடத்தில் உங்களிடம் ஏற்கெனவே எவ்வளவு நல்ல ஆள் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. நம் அணியில் யாருமே பிரமாதம் இல்லை, அதனால் மூன்று நட்சத்திர வீரருக்குக்கூட இங்கே ஏ கிடைக்கும். பெரிய அணி எவ்வளவு செலவழித்தாலும் வாங்க முடியாத மதிப்பெண் இது.

வீட்டுக்கும் கல்லூரிக்கும் உள்ள தூரம். இதுவும் ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்து ஊர்ப் பையனுக்கு ஏ.

பயிற்சியாளரின் நிலைத்தன்மை. உங்கள் வேலை பத்திரமாக இருந்தால் இது ஏறும். ஒப்பந்தத்தில் கேட்டிருக்கும் இலக்குகளைச் சரியாக முடித்து வந்தால் ஒரு சீசனிலேயே வித்தியாசம் தெரியும்.

நான்காவது உங்கள் கல்லூரிக்கே உரிய ஏதாவது ஒன்று. ரைஸ் மாதிரிக் கல்லூரிக்குப் படிப்பின் தரம், இன்னொன்றுக்கு வளாக வாழ்க்கை. பட்டியலில் பி அல்லது அதற்கு மேல் எங்கே இருக்கிறதோ அதை வட்டமிடுங்கள்.

4. யார் போகிறார்கள், யார் வேண்டும்

உங்கள் அணியில் 85 பேர் வரை இருக்கலாம். இறுதி ஆண்டு மாணவர்கள் சீசன் முடிந்ததும் போய்விடுவார்கள். டீம் நீட்ஸ் திரையில் எந்த இடத்தில் எத்தனை பேர் தேவை என்று வரும். அதை அப்படியே நம்பாமல் ரோஸ்டரையும், அதாவது அணியின் முழு வீரர் பட்டியலையும், ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இங்கேதான் முதல் சிக்கல் வரும். இடங்களின் பெயர்கள் அதிகம். சுலபமாக நினைவில் வைக்க, நான் வைத்துக்கொள்ளும் எண்ணிக்கையைச் சொல்கிறேன்: குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) 4, ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) 5, ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) 9, டைட் எண்ட் 5, தாக்குதல் வரிசை எனப்படும் ஓ-லைன் 15, தற்காப்பு வரிசையில் 14, லைன்பேக்கர் 11, கார்னர்பேக் (எதிரணி ரிசீவரை மறிப்பவர்) 9, சேஃப்டி 7, உதைப்பவர் இருவர். மீதி இடங்களைச் சூழ்நிலைக்கு விட்டுவிடுங்கள்.

ஓ-லைனில் லெஃப்ட் டேக்கிள், லெஃப்ட் கார்ட், சென்டர், ரைட் கார்ட், ரைட் டேக்கிள் என ஐந்தும் தனித்தனியாக வரும். ஐந்துக்கும் தனித்தனியாக ஆள் தேடி மணி நேரத்தைக் கரைக்காதீர்கள். சீசன் முடிந்து வரும் இடைவெளியில் வீரரின் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். டேக்கிளைக் கார்ட் ஆக்கலாம், கார்னர்பேக்கை சேஃப்டி ஆக்கலாம். நல்ல டேக்கிள்களாகப் பார்த்து எடுத்துவிட்டால் கார்ட் இடம் தானாக நிரம்பும்.

குவார்ட்டர்பேக் இல்லாவிட்டால் சீசனே இல்லை. முதல் வருடம் ஒரு குவார்ட்டர்பேக், இரண்டு டேக்கிள், இரண்டு கார்னர்பேக் என்று ஐந்து பேரை உறுதியாகக் குறி வையுங்கள். உதைப்பவரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அவருக்குப் போட்டி குறைவு, செலவும் குறைவு.

5. பலகையில் 35 பேர், ஆனால் உங்கள் ஆள் 12 பேர்தான்

ரெக்ரூட்டிங் போர்டில், அதாவது நாம் குறி வைக்கும் வீரர்களின் பலகையில், அதிகபட்சம் 35 பேரை வைக்கலாம். ஆயிரக்கணக்கான பெயர்கள் உள்ள பட்டியலிலிருந்து இந்த 35ஐ எடுப்பதுதான் வருடத்தின் மிக முக்கியமான ஒரு மணி நேரம். ஆட்டத்தைவிட இதற்கு அதிகப் பொறுமை வேண்டும்.

ஒரு பெயரைத் திறந்ததும் நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். முதலில் டீல்பிரேக்கரைப் பாருங்கள். ஒவ்வொரு வீரருக்கும் "இது இல்லாமல் வரமாட்டேன்" என்ற ஒரு நிபந்தனை உண்டு. அதில் உங்கள் மதிப்பெண் அவர் கேட்பதைவிடக் குறைவாக இருந்தால் பூட்டுப் படம் தெரியும். பூட்டு இருந்தால் அடுத்த பெயருக்குப் போங்கள். எவ்வளவு மணி நேரம் கொட்டினாலும் திறக்காது. ஆடும் வாய்ப்பையோ ஊர்த் தூரத்தையோ நிபந்தனையாக வைத்திருப்பவர் நம் ஆள். கோப்பை வாய்ப்பையோ விளம்பர வெளிச்சத்தையோ வைத்திருப்பவர் நமக்கு இல்லை.

அடுத்து அவருடைய ஆர்வப் பட்டியல். எந்தெந்தக் கல்லூரி எத்தனையாவது இடம் என்று வரும். நீங்கள் எதுவும் செய்யாமலே முதல் ஐந்தில் உங்கள் பெயர் இருந்தால் அது தங்கம். மூன்றாவதாக, உங்களுக்கு மேலே இருப்பது யார்? ஒரு பெரிய அணி இருந்தால் யோசிக்கலாம், மூன்று இருந்தால் விட்டுவிடுங்கள். பைப்லைன் அதற்குப் பிறகு. நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் கடைசி.

என் கென்னசா டைனஸ்டியில் வந்த ஒருவரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். மரியெட்டாவைச் சேர்ந்த மூன்று நட்சத்திரக் கார்னர்பேக். மரியெட்டா கென்னசாவுக்குப் பக்கத்து ஊர். டீல்பிரேக்கர் ஆடும் வாய்ப்பு, நம்மிடம் ஏ. ஆர்வப் பட்டியலில் ஜார்ஜியா டெக் முதலிடம், நாம் மூன்றாவது, நடுவில் நம்மைப் போலவே இன்னொரு சின்ன அணி. அதே நாளில் நான்கு நட்சத்திரக் கார்னர்பேக் ஒருவரும் கண்ணில் பட்டார். அவர் மயாமிக்காரர், பட்டியலில் நாம் பத்தாவது, மேலே ஐந்து பெரிய அணிகள். கை தானாக அந்த நான்கு நட்சத்திரத்துக்குத்தான் போகும். போகவிடாதீர்கள். மரியெட்டா பையனுக்கு 25 மணி நேரத்தில் கிடைக்கும் முன்னேற்றம் மயாமி பையனுக்கு 50 போட்டாலும் கிடைக்காது.

35 பேரையும் நிரப்புங்கள், ஆனால் நோட்டில் மூன்று வரிசையாகப் பிரித்துவிடுங்கள். முதல் 12 பேர் நிச்சயக் குறி. அடுத்த 12 பேர், முதல் வரிசையில் யாராவது நழுவினால் மேலே ஏறுபவர்கள். மீதி 11 பேர் காத்திருப்பு. அவர்கள்மேல் தொடக்கத்தில் ஒரு மணி நேரம்கூடப் போடக்கூடாது.

6. ப்ரீசீசன்: முதல் செலவை எப்படிப் பிரிப்பது

விலைப்பட்டியல் இதோ. உதவித்தொகை வழங்க 5 மணி நேரம், ஒரு வீரருக்கு ஒரே தடவை. சோஷியல் மீடியா பார்க்க 5. நேரடியாகச் செய்தி அனுப்ப 10. நண்பர்கள், குடும்பத்தாரோடு பேச 25. சென்ட் தி ஹவுஸ், அதாவது இருப்பதை எல்லாம் இறக்குவது, 50. ஸ்கவுட் செய்ய, அதாவது வீரரின் திறனை ஆராய, ஒவ்வொரு தடவையும் 10. பின்னால் வரப்போகும் சாஃப்ட் செல் 20, ஸ்வே 30, ஹார்ட் செல் 40. ஒரு வீரர்மேல் ஒரு வாரத்துக்குப் பொதுவாக 50 வரைதான் போடலாம்.

உங்கள் கையில் 250 மணி நேரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 35 பேருக்கும் உதவித்தொகை கொடுத்துவிடுங்கள் என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 35 பேருக்கு 175 மணி நேரம். மிச்சம் 75. பெரிய அணிக்கு அது சில்லறை, நமக்கு முக்கால் சொத்து. உதவித்தொகை கொடுத்ததும் வீரரின் ஆர்வம் ஏறும் என்பது உண்மைதான். அதனால் முதல் வரிசை 12 பேருக்கும் இரண்டாவது வரிசையிலிருந்து 8 பேருக்கும் மட்டும் கொடுங்கள். 100 மணி நேரம் ஆயிற்று.

மிச்சம் 150இல் 60ஐ ஸ்கவுட்டுக்கு வையுங்கள். ஸ்கவுட் செய்யச் செய்ய வீரரின் உண்மையான திறன் தெரியவரும். பச்சை ரத்தினப் படம் வந்தால் ஜெம், நட்சத்திரத்துக்கு மேலான ஆள். சிவப்பு வந்தால் பஸ்ட், நட்சத்திரத்துக்குத் தகுதியில்லாத ஆள். மூன்று நட்சத்திர ஜெம்தான் சின்ன அணியின் உயிர்நாடி, பெரிய அணிகள் நான்கு, ஐந்து நட்சத்திரங்களின் பின்னால் ஓடும்போது இவர் சத்தமில்லாமல் இருப்பார். ஸ்கவுட் செலவைக் குவார்ட்டர்பேக்கிலும் டேக்கிளிலும் தொடங்குங்கள், அங்கே பஸ்ட் ஒருவரை எடுத்துவிட்டால் மூன்று நான்கு வருடம் இழுக்கும்.

மீதி 90இல் மூன்று முக்கியமான பேருக்குக் குடும்பத்தோடு பேச 75. ஒருவருக்குச் செய்தி 10, இன்னொருவருக்கு சோஷியல் மீடியா 5. முடிந்தது. பூஜ்யம் வரும்வரை செலவழித்துவிட்டுத்தான் வாரத்தை நகர்த்த வேண்டும்.

7. முதல் சில வாரங்கள்: தெரிந்துகொள்ளவும் வெட்டவும்

இந்தக் கட்டத்தில் நீங்கள் வீரரின் மனதைத் தெரிந்துகொள்கிறீர்கள். அந்தப் பதினான்கில் எந்த மூன்று அவருக்கு முக்கியம் என்பது ஆரம்பத்தில் மறைந்திருக்கும். செய்தி அனுப்புவது, குடும்பத்தாரோடு பேசுவது போன்ற ஒவ்வொரு செயலும் ஆர்வத்தை ஏற்றிக்கொண்டே இந்த மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். திறந்ததும் உடனே நோட்டில் எழுதி, உங்கள் மதிப்பெண் தாளோடு ஒப்பிடுங்கள். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பது போல இங்கே மூன்று பொருத்தம். மூன்றும் பொருந்தினால் அவரை முதல் வரிசையின் தலைக்குக் கொண்டுபோங்கள். ஒன்றும் பொருந்தாவிட்டால், எவ்வளவு பிடித்த வீரரானாலும் கீழே இறக்குங்கள்.

இந்த வாரங்களில் 250ஐ இப்படிப் பிரிக்கலாம்: ஆறு பேருக்குத் தலா 25, ஆறு பேருக்குத் தலா 10, ஸ்கவுட்டுக்கு 40. 250 சரியாக வரும்.

போட்ட செயல்கள் அடுத்த வாரமும் அப்படியே தொடரும். வசதிதான், ஆனால் பட்ஜெட் கசிவதும் இதன் வழியாகத்தான். எப்போதோ ஒருவர்மேல் போட்ட 25 மணி நேரம், அவர் நம்மை மறந்த பிறகும் வாராவாரம் போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு வாரமும் ஆட்டத்துக்கு முன் பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை பாருங்கள். முதலிடத்துக்கும் நமக்கும் உள்ள இடைவெளி இரண்டு மூன்று வாரமாகத் தொடர்ந்து கூடினால் வெட்டிவிடுங்கள். குறைந்தால் இன்னும் கொஞ்சம் போடுங்கள். அப்படியே நின்றால் ஒரு வாரம் பொறுங்கள். வெட்டிய இடத்துக்குக் காத்திருப்பு வரிசையிலிருந்து ஒருவர் மேலே வரட்டும்.

இந்த வெட்டும் வேலைதான் பலருக்கும் மனம் வராத வேலை. ஏற்கெனவே 100 மணி நேரம் போட்டாயிற்றே என்று நினைத்தால் இன்னொரு 100 போகும். போட்டதைப் பார்க்காதீர்கள், இனிமேல் போடுவது எங்கே பலிக்கும் என்று பாருங்கள்.

8. முதல் ஐந்து வந்ததும் விற்பனை தொடங்கும்

வீரர் தன் பட்டியலை ஐந்து கல்லூரியாகச் சுருக்கியதும் விற்பனைச் செயல்கள் திறக்கும். இங்கே நீங்கள் ஒரு பேச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பேச்சிலும் மூன்று விஷயங்கள் இருக்கும். வீரருக்கு முக்கியமான மூன்றும் அதில் இருந்து, மூன்றிலும் உங்கள் மதிப்பெண் நன்றாக இருந்தால், 40 மணி நேர ஹார்ட் செல் 50 மணி நேர சென்ட் தி ஹவுஸைவிட நல்ல பலன் தரும். பத்து மணி நேரம் மிச்சம், பலனும் அதிகம். மிச்சமான பத்தில் செய்தி அனுப்புங்கள். 40உம் 10உம் சேர்ந்து 50, வாராந்திர வரம்பு சரியாக நிரம்பிவிடும்.

மூன்றில் இரண்டுதான் பொருந்துகிறதா? 20 மணி நேர சாஃப்ட் செல் போதும். ஒன்றுகூடப் பொருந்தாத பேச்சை எடுத்துக்கொண்டு ஹார்ட் செல் போகாதீர்கள், பிடிக்காததைப் பேசினால் வீரர் விலகுவார். வீரருக்கு முக்கியமாக இருந்தும் நம் மதிப்பெண் எஃப் என்றாலும் அதே கதிதான். அவருக்கு மைதானச் சூழல் முக்கியம் என்று தெரிந்து, நம் காலி மைதானத்தைக் காட்டிப் பேசினால் என்ன ஆகும்?

ஸ்வே என்பது வீரரின் விருப்பத்தையே நம் பக்கம் திருப்பும் முயற்சி. 30 மணி நேரம், பலன் மெதுவாக வரும். சின்ன அணிக்கு இது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. திருப்ப வேண்டிய ஆளைவிட ஏற்கெனவே நம் பக்கம் இருக்கும் ஆளைத் தேடுவது மலிவு.

இந்தக் கட்டத்தில் 250ஐ இப்படிப் பிரிக்கலாம்: மூன்று பேருக்குத் தலா 50, இரண்டு பேருக்குத் தலா 25, ஐந்து பேருக்குத் தலா 10. முதல் மூவரில் ஒருவர் சம்மதம் சொன்னதும் அடுத்தவர் அந்த 50க்கு ஏறட்டும். மரியெட்டா கார்னர்பேக் விஷயத்தில் ஆடும் வாய்ப்பும் ஊர்த் தூரமும் பொருந்தின, மூன்றாவதாக வந்தது பயிற்சியாளரின் நிலைத்தன்மை. மூன்றும் நம்மிடம் இருந்ததால் ஹார்ட் செல் தொடங்கியதும் ஜார்ஜியா டெக்கைத் தாண்டினோம்.

9. விசிட்: தேதியைப் பார்த்து வையுங்கள்

வீரரைக் கல்லூரிக்கு அழைத்து ஆட்டம் பார்க்க வைப்பதுதான் விசிட். 40 மணி நேரம் வரை பிடிக்கும், ஒரு வீரருக்கு ஒரே தடவை. இது நல்லபடி அமைந்தால் பல வாரச் செலவுக்குச் சமம். சொதப்பினால் அந்த வாரப் பட்ஜெட்டில் பெரும்பகுதி போச்சு.

சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கும் வாரத்தில்தான் அழைக்க முடியும். அந்த ஆட்டத்தை நீங்கள் வெல்ல வேண்டும். எதிரணி பெரிதாக இருந்து வென்றால் பலன் அதிகம், ஆனால் சின்ன அணிக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம். நிச்சயம் ஜெயிப்போம் என்று தெரிந்த ஆட்டத்துக்கு வையுங்கள். இதற்கு ப்ரீசீசனிலேயே திட்டமிடலாம். கான்ஃபரன்ஸுக்கு வெளியே உள்ள ஆட்டங்களை நீங்களே மாற்றி அமைக்க முடியும் என்பதால், முடிந்தால் சீசனின் நடுப்பகுதியில், ஆறாவது வாரத்துக்கு மேல், பலவீனமான ஒரு அணியைச் சொந்த மைதானத்துக்கு வரவழையுங்கள். வீரர்கள் முதல் ஐந்துக்கு வருவதும் ஏறக்குறைய அப்போதுதான்.

ஒரே வாரத்தில் நான்கு பேர் வரை அழைக்கலாம். ஒருவருக்கொருவர் துணையாகும் இடங்களைச் சேர்த்து அழையுங்கள், குவார்ட்டர்பேக்கோடு ரிசீவர் வந்தால் இருவருக்கும் ஆர்வம் கூடும். ஒரே இடத்துக்கு இரண்டு பேரை ஒன்றாக அழைத்தால் இருவருக்கும் கசக்கும். விசிட்டின்போது என்ன காட்டுவது என்றும் கேட்பார்கள், நோட்டில் இருக்கும் அந்த மூன்று விருப்பங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் வருடம் மூன்று அல்லது நான்கு விசிட்டுக்கு மேல் பட்ஜெட் தாங்காது. ஏற்கெனவே நூலிழையில் முன்னால் இருக்கும் வீரருக்கோ நூலிழையில் பின்னால் இருக்கும் வீரருக்கோ மட்டும் செலவழியுங்கள்.

10. சீசன் கடைசி: பெரிய அணிகள் விட்டுச்சென்றவர்கள்

சீசன் முடியும் நேரத்தில் பெரிய அணிகளின் இடங்கள் நிரம்பிவிடும். அப்போதும் எங்கும் சேராமல் நிற்கும் மூன்று நட்சத்திர வீரர்கள் இருப்பார்கள். பட்டியலை மறுபடி ஓட்டி, இன்னும் முடிவு செய்யாதவர்களை மட்டும் வடிகட்டுங்கள். உங்கள் முதல் வரிசையில் பாதிப்பேர் ஏற்கெனவே சம்மதம் சொல்லியிருந்தால் அவர்கள் பிடித்து வைத்திருந்த மணி நேரம் இப்போது கையில் இருக்கும். உதைப்பவரையும் இப்போது முடித்துவிடுங்கள்.

11. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்: நான்கு வாரச் சந்தை

சீசன் முடிந்த இடைவெளியில் போர்ட்டல் நான்கு வாரம் திறந்திருக்கும். வேறு கல்லூரியிலிருந்து விலகியவர்கள் இங்கே வருவார்கள். பெரிய அணியில் பெஞ்சில் உட்கார்ந்து சலித்து வெளியே வந்தவர்தான் நம் குறி. அவருடைய நிபந்தனை பெரும்பாலும் ஆடும் வாய்ப்பாக இருக்கும், நம்மிடம் அது தாராளம். உயர்நிலைப் பள்ளியிலிருந்து வரும் பையனைவிட இவர் உடனே ஆடத் தயாரானவர். இவர் எத்தனை வருடம் ஆட முடியும் என்பதை மட்டும் பாருங்கள். ஒரு வருடமே மிச்சம் உள்ளவருக்கு முழு 50 போட வேண்டுமானால் அவர் குவார்ட்டர்பேக்காக இருக்க வேண்டும்.

நான்கே வாரம் என்பதால் இங்கே மெதுவாகப் போக நேரமில்லை. முதல் வாரத்திலேயே நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுத்து முழு பலத்தோடு இறங்குங்கள். இருபது பேர்மேல் பத்துப் பத்தாகத் தூவினால் ஒருவரும் வரமாட்டார்.

12. போகப் பார்க்கும் சொந்த ஆட்கள்

வீரர் அணியில் சேர்ந்த பிறகும் அவருடைய டீல்பிரேக்கர் கூடவே வரும். ஆடும் வாய்ப்பைக் காட்டி அழைத்து வந்த கார்னர்பேக்குக்கு மேலே அடுத்த வருடம் இன்னும் நல்ல கார்னர்பேக்கை எடுத்தால், பழையவரின் மதிப்பெண் இறங்கி அவரே போர்ட்டலுக்குப் போகலாம். ஒரே இடத்துக்கு ஒரே வருடத்தில் மூன்று நல்ல ஆள் கிடைத்தாலும் இரண்டோடு நிறுத்துவது நல்லது.

போட்டிகள் முடிந்ததும் யார் யார் விலக நினைக்கிறார்கள் என்று ஒரு திரை வரும். எல்லோரையும் தடுத்து நிறுத்த முடியாது, முயற்சிகளுக்கு வரம்பு உண்டு. முதலில் குவார்ட்டர்பேக், அடுத்து ஓ-லைன், அப்புறம் மற்றவர்கள் என்ற வரிசையில் பேசிப் பாருங்கள்.

புதியவர்கள் எல்லோரும் சேர்ந்த பிறகு ரோஸ்டர் 85க்கு மேல் போயிருந்தால் சிலரை அனுப்பித்தான் ஆக வேண்டும். வயதில் மூத்து, திறனில் பின்தங்கியவர்களை அனுப்புங்கள். முதலாம் ஆண்டுக்காரர்கள் இப்போது பலவீனமாகத் தெரிந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை ரெட்ஷர்ட் செய்தால், அதாவது அந்த சீசனில் ஆடவிடாமல் ஒதுக்கி வைத்தால், ஒரு வருடம் வீணாகாது. நான்கு ஆட்டம் வரை இறக்கிவிட்டாலும் ரெட்ஷர்ட் கெடாது. இதெல்லாம் முடிந்ததும் மை ஸ்கூல் தாளைத் திறந்து புது மதிப்பெண்களை நோட்டில் அடுத்த பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த சீசனின் பலகையைத் தொடங்கலாம்.